சிவப்புச் சட்டையில் ‘சிவப்பு’ பெயர்ச்சொல்லா, பெயரடையா?

கேள்வி இதுதான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், ‘சிவப்புச் சட்டை’ என்பதில் வரும் சிவப்பைப் பெயரடை என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டுப் ‘பண்புப்பெயர்’ என்று திருத்தியிருக்கிறார். வீட்டில் தாத்தாவோ ‘அது உரிச்சொல்’ என்கிறார். அகராதியைப் புரட்டினால் சில சொற்களுக்குப் ‘பெ.’ என்றும் சிலவற்றுக்குப் ‘பெ.அ.’ என்றும் போட்டிருக்கிறது. வருணிக்கிற சொல் ஒன்றைப் பார்த்தால் அது பெயரா, பெயரடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆசிரியர் திருத்தியது சரி. ஆனால் உங்கள் மகளும் குருட்டாம்போக்கில் எழுதவில்லை. அவள் பார்த்தது சொல் செய்கிற வேலையை. ‘எந்தச் சட்டை?’ என்று கேட்டால் ‘சிவப்பு’ பதில் சொல்கிறது. அதைப் பெயரடையின் வேலை என்று சொல்வதில் தப்பில்லை. ஆசிரியர் பார்த்தது சொல்லின் பிறப்பை. வீட்டில் விசேஷம் என்றால் சித்தப்பா பந்தி பரிமாறுவார். அதற்காக அவர் சமையல்காரர் ஆகிவிடுவதில்லை. சட்டைக்கு முன்னால் போய் நின்று அதை வருணித்த ஒரே காரணத்துக்காகச் சிவப்பும் பெயரடை ஆகிவிடாது. அது பெயர்ச்சொல்தான், அந்த இடத்தில் பெயரடையாக வேலை செய்கிறது.

குழப்பத்தில் பெரும்பகுதி ஆங்கில வகுப்பிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ‘ரெட்’ அட்ஜெக்டிவ், எனவே சிவப்பும் அட்ஜெக்டிவ். ‘புவர்’ அட்ஜெக்டிவ், எனவே ஏழையும் அப்படித்தான் என்று மனம் தானாகவே கணக்குப் போடுகிறது. தமிழில் ஏழை என்பது ஆளைக் குறிக்கும் பெயர். ஏழைகள் என்று பன்மை வரும், ஏழைக்கு என்று வேற்றுமை வரும். சோம்பேறி, முட்டாள், அனாதை எல்லாமே அப்படித்தான். ‘ஏழைக் குடும்பம்’ என்னும்போது அந்தப் பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

பொருளை வைத்தும் பிரிக்க முடியாது. அழகும் பண்பு, நல்ல என்பதும் பண்பைத்தான் சொல்கிறது. நன்னூல் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரிக்கிறது. குணத்தின் பெயரும் மரத்தின் பெயரைப் போல ஒரு பெயர்தான். எனவே ‘இது ஒரு பண்பைச் சொல்கிறதே, அப்படியானால் பெயரடைதானே?’ என்ற கேள்வியை முதலில் கைவிட்டுவிட வேண்டும். சொல்லின் பொருளைக் கேட்காமல், அதன் மீது என்ன ஏறுகிறது, என்ன ஏற மறுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் வேற்றுமை உருபை ஏற்றிப் பாருங்கள். அழகை ரசித்தான், அழகுக்கு மயங்கினான், அழகில் குறையில்லை. மூன்றும் இயல்பாக வருகின்றன. சிவப்பை விட நீலம் பொருந்துகிறது, உயரத்தை அளந்தார்கள், கத்தியின் கூர்மையைச் சோதித்தார், சூட்டுக்குப் பால் திரிந்துவிட்டது. அழகு, சிவப்பு, நீலம், உயரம், கூர்மை, சூடு எல்லாம் பெயர்ச்சொற்கள். இப்போது ‘நல்ல’ என்பதில் ‘ஐ’யை ஏற்றுங்கள். ஏறாது. ‘பெரிய’ என்பதோடு ‘கு’வைச் சேருங்கள். சேராது. இவை பெயர்கள் அல்ல.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. ‘நல்லதை எடுத்துக்கொள்’ என்று சொல்கிறோமே, அங்கே ‘ஐ’ வந்துவிட்டதே என்று தோன்றும். அது ‘நல்ல’ அல்ல, ‘நல்லது’ என்ற பெயர். ‘பெரியவை’ என்பதைப் பார்த்துப் ‘பெரிய + ஐ’ என்று பிரித்துவிட்ட மாணவரும் உண்டு. அது பெரியவன், பெரியது வரிசையில் வரும் அஃறிணைப் பன்மை. பெரிய பொருட்கள் என்று பொருள்.

அந்த வரிசையே இரண்டாவது சோதனை. நல்ல என்றால் நல்லவன், நல்லவள், நல்லது. பெரிய என்றால் பெரியவர், பெரியது. புதிய என்றால் புதியவர், புதியது. உண்மையான பெயரடைகள் இந்த விகுதிகளை நேரடியாக ஏற்கின்றன. பெயர்ச்சொல்லில் முயன்று பாருங்கள். ‘அழகவன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘அழகானவன்’ என்று நடுவில் ஓர் ‘ஆன’ வேண்டியிருக்கிறது. ‘சிவப்பது’ என்ற சொல் இருக்கிறதே என்றால், அது சிவ என்ற வினையிலிருந்து வந்தது. மருதாணி வைத்தால் கை சிவப்பது இயல்பு என்கிறோமே, அந்தச் சிவப்பது. சிவப்பு நிறப் பொருளைச் சொல்ல வேண்டுமானால் ‘சிவப்பானது’ என்போம். அல்லது கடையில் சொல்வது போல ‘அந்தச் சிவப்பை எடுங்க’ என்று பெயரையே ஒரேயடியாகப் பயன்படுத்துவோம்.

மூன்றாவது, சொல்லை வாக்கியத்தின் கடைசியில் நிறுத்திப் பாருங்கள். ‘இந்தச் சட்டை சிவப்பு.’ வாக்கியம் முடிந்துவிட்டது. ‘அண்ணன் உயரம், தம்பி குள்ளம்.’ முடிந்துவிட்டது. ‘இந்த வீடு பெரிய’ என்று நிறுத்துங்கள். கேட்பவர் ‘பெரிய என்ன?’ என்று காத்துக்கொண்டிருப்பார். ‘பெரியது’ என்றோ ‘பெரிய வீடு’ என்றோ சொன்னால்தான் அவருக்கு மூச்சு வரும். பேச்சில் ‘வீடு பெருசு’ என்கிறோம். அந்தப் ‘பெருசு’ பெயர்தான். ‘பெருசை எடு’ என்று ஐ ஏறுகிறது, ‘பெருசுங்க பேசிக்கிட்டிருக்காங்க’ என்று பன்மையும் ஆகிறது. பழைய – பழசு, புதிய – புதுசு, சிறிய – சிறுசு எல்லாமே இப்படி இணைந்த ஜோடிகள். முன்னது பெயரடை, பின்னது பெயர்.

‘ரொம்ப’ என்ற சொல்லை முன்னால் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ரொம்ப நல்ல என்று வருகிறது, எனவே பெயரடையாம். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். ரொம்ப அழகு, ரொம்பப் பணம், ரொம்பக் கூட்டம் என்றும்தான் வருகிறது. கூட்டத்தைப் பெயரடை என்று யாராவது சொல்வார்களா?

அடுத்தது ‘ஆன’. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தமிழில் பெயரடைகள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சொற்கள் கொஞ்சம்தான். ஆனாலும் நம்மிடம் வருணனைக்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் பண்புப்பெயர்களோடு ‘ஆன’ சேர்த்து வேண்டிய அளவு உண்டாக்கிக்கொள்ளலாம். அழகான, உயரமான, சூடான, சுத்தமான, முக்கியமான. ஆன என்பது ‘ஆகு’ என்ற வினையின் பெயரெச்சம். அழகான பெண் என்றால், பிரித்துப் பார்க்கும்போது, அழகு ஆகிய பெண். ‘ஆன’ என்ற ஒட்டு ஒரு சொல்லுக்குத் தேவைப்படுகிறது என்பதே அந்தச் சொல் பெயர் என்பதற்குச் சாட்சி. ‘நல்ல’வுக்கு அது தேவையில்லை, சேர்த்தாலும் ஒட்டாது. ‘பெரியவான வீடு’ என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது.

எல்லாப் பெயரும் ‘ஆன’ ஏற்குமா என்றால், இல்லை. மரக்கதவை ‘மரமான கதவு’ என்று சொல்ல முடியாது, ‘மரத்தாலான கதவு’ என்றுதான் சொல்ல வேண்டும். பண்பைச் சொல்லும் பெயர்தான் ‘ஆன’வை நேரடியாக ஏற்கும். பொருளைச் சொல்லும் பெயர் எப்போது பண்பாக மாறுகிறதோ அப்போது அதுவும் ஏற்கும். தங்க வளையல், தங்கத்தாலான வளையல் என்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைத் ‘தங்கமான மனுஷர்’ என்கிறோம். வளையலில் தங்கம் உலோகம், மனுஷரில் தங்கம் குணம். நம்மை அறியாமலே இந்த வேறுபாட்டைத் தினமும் சரியாகக் கையாள்கிறோம். பேச்சில் வரும் ஒல்லி, குண்டு, குட்டை, நெட்டை எல்லாம் இந்தப் பண்புப்பெயர்க் கூட்டத்தில் சேரும். ஒல்லியான பையன், குண்டான பூனை.

‘தங்க’ என்று சொன்னதும் இன்னொரு சந்தேகம் வரும். தங்க, நீல, வட்ட, மர இவையெல்லாம் நல்ல, பெரிய மாதிரியே அகரத்தில் முடிகின்றனவே, இவையும் பெயரடைகளா? இல்லை. தங்கம், நீலம், வட்டம், மரம் என்ற பெயர்கள் கூட்டுச்சொல்லில் நுழையும்போது கடைசி மகரத்தை வாசலில் விட்டுவிட்டு வருகின்றன. இதை மகர ஈறு கெடுதல் என்பார்கள். மரப்பெட்டியில் ‘மர’ பெயரடை இல்லை என்றால், நீலக் குடையில் ‘நீல’வும் பெயரடை இல்லை.

இதைக் காதால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நான் பல வருஷம் மெய்ப்புப் பார்த்துப் பிழைத்தவன், எனவே சந்தி என் தொழில் வியாதி. அகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப எழுத்துகளில் தொடங்கும் சொல் ஒன்றை வைத்துச் சொல்லிப் பாருங்கள். நீலக் குடை, தங்கச் சங்கிலி, வட்டத் தட்டு, மரப்பெட்டி. ஒற்று மிகுகிறது. பெரிய குடை, நல்ல சங்கிலி, பழைய தட்டு, அழகான பெட்டி. மிகவில்லை. மகரத்தை விட்டுவிட்டு வந்த பெயர் ஒற்றைக் கொண்டுவருகிறது. பெயரெச்ச வடிவத்தில் உள்ள பெயரடை கொண்டுவருவதில்லை. பெரியகுளம், பெரியகோயில், பெரியபுராணம் என்று பெயர்களிலேயே இது பதிந்து கிடக்கிறது.

விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து மடக்குவார்கள். அந்த, இந்த, எந்த ஆகியவை பெயர்கள் அல்ல, ஆனாலும் ஒற்று மிகும்: இந்தக் கடை. ‘அழியாப் புகழ்’ போன்ற எதிர்மறைப் பெயரெச்சத்திலும் மிகும், ஆனால் அது ஆகாரத்தில் முடிவது. அப்புறம் ‘சின்ன’ என்றொரு சொல். சின்னவன், சின்னது என்று வருகிறது, எனவே பெயரடை. ஐ, கு ஏற்காது. ஆனால் சின்னத்திரை, சின்னத்தம்பி என்று ஒற்று மிகுந்து நிற்கிறது. பெரிய திரையில் மிகாத ஒற்று சின்னத்திரையில் மிகுகிறது. சந்தியை மட்டுமே நம்பினால் இங்கே வழுக்கி விழுவோம், ஆகையால்தான் அதை முதல் சோதனையாகச் சொல்லவில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் உதவும் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘முக்கிய செய்திகள்’ என்று எழுதுவதா, ‘முக்கியச் செய்திகள்’ என்று எழுதுவதா? பத்திரிகை அலுவலகங்களில் இதற்காகக் குரல் உயர்ந்து பார்த்திருக்கிறேன். சண்டை ஒற்றைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் முக்கிய என்பது பெயரா, பெயரடையா என்பதுதான் அங்கே கேள்வி. ‘முக்கியம்’ என்ற பெயரின் மகரம் கெட்ட வடிவம் என்று பார்ப்பவர் ‘முக்கியச் செய்தி’ என்று எழுதுவார். அதைப் ‘பெரிய’ மாதிரி ஒரு சொல்லாக உணர்பவர் ஒற்றை விட்டுவிடுவார். என் தீர்ப்பு முன்னவர் பக்கம்தான்: ‘இது முக்கியம்’ என்று வாக்கியம் முடிகிறது, ‘முக்கியமான’ என்று ஆன ஏற்கிறது, ‘முக்கியவன்’ என்று வருவதில்லை. மூன்றும் அதைப் பெயர் என்கின்றன. தேசியக் கொடி என்று ஒற்றோடு எழுதுகிற கையே தேசிய கீதம் என்று ஒற்றில்லாமல் எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. கீதத்தின் முதல் ஒலி நம் வாயில் மெல்லியதாக வருகிறது. ஒற்றைச் சேர்த்தால் அந்த ஒலி வல்லினமாகிக் கீதமே கெட்டுவிடும். அங்கே காது இலக்கணத்தை ஜெயித்துவிட்டது.

சரி, தாத்தாவுக்கு வருவோம். அவர் உரிச்சொல் என்று சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆங்கில அட்ஜெக்டிவுக்குப் பெயருரிச்சொல் என்று தமிழில் சொல்லிக்கொடுத்த வழக்கம் இருந்தது. தொல்காப்பியமும் உரிச்சொல் இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் அடியாகத் தோன்றும் என்கிறது, அதில் பண்பும் வந்துவிடுகிறது. ஆனால் உரியியலில் உதாரணங்களாக வருபவை உறு, தவ, நனி போன்ற செய்யுள் சொற்கள். மூன்றுக்கும் மிகுதி என்று பொருள். நன்னூல் அவற்றோடு சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது, உரிச்சொல்லைச் செய்யுளுக்கு உரியது என்றே வரையறுக்கிறது. சிவப்புச் சட்டைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

மா என்ற உரிச்சொல் மட்டும் இன்றும் புழக்கத்தில் துடிப்பாக இருக்கிறது. அதை வைத்து ஒரு விளையாட்டுக் காட்டலாம். மாமரத்தில் மா என்பது மரத்தின் பெயர். மாமனிதரில் மா என்பது பெருமையைச் சொல்லும் உரிச்சொல். எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பகரத்தில் தொடங்கும் சொல்லை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: மாம்பழம், ஆனால் மாபெரும். பெயராக இருக்கும் மா நடுவில் ஒரு மெல்லினத்தைக் கொண்டுவருகிறது, உரிச்சொல்லான மா எதையும் கொண்டுவருவதில்லை.

பழைய இலக்கணத்தில் பெயரடை என்றொரு பெட்டியே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர், வினை, இடை, உரி என்று நான்குதான். அப்படியானால் ‘நல்ல’வை எங்கே வைத்தார்கள்? வினையில்! முதன்முதலில் கேட்கும்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் பழந்தமிழில் யான் நல்லேன், நீ நல்லை, அவன் நல்லன் என்று வினைபோலவே அது விகுதி மாறி வந்தது. காலம் வெளிப்படையாகத் தெரியாது, குறிப்பாக உணர வேண்டும், எனவே குறிப்பு வினை. அதன் பெயரெச்சம்தான் நல்ல, பெரிய, இனிய. பள்ளியில் இன்றும் ‘குறிப்புப் பெயரெச்சம்’ என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

இந்தப் பழைய நடையைத் தெரிந்துகொள்ளாமல் நான் மேலே சொன்ன சோதனைகளைக் குறளில் போய்ப் பயன்படுத்தினால் கவிழ்ந்துவிடுவீர்கள். ‘இனிய உளவாக இன்னாத கூறல்’ என்பதில் ‘இனிய’ எந்தப் பெயருக்கும் முன்னால் நிற்கவில்லை. இனிய சொற்கள் என்று தானே ஒரு பெயராக நிற்கிறது. ‘செயற்கரிய செய்வார் பெரியர்’ என்பதில் ‘அரிய’ என்றால் அரிய செயல்கள். இன்றைக்கு ‘நான் அரிய செய்தேன்’ என்று யாராவது எழுதினால் ‘அரிய என்ன?’ என்று கேட்போம். அன்று அகரம் அஃறிணைப் பன்மைக்கும் விகுதி, பெயரெச்சத்துக்கும் விகுதி. முதல் வேலையை இன்றைய நடையில் இழந்துவிட்டு, ‘இனிய’வும் ‘பெரிய’வும் பெயருக்கு முன்னால் மட்டும் நிற்கும் சொற்களாகச் சுருங்கிவிட்டன. அப்படிச் சுருங்கியதால்தான் இன்றைய மொழியியலாளர்கள் இவற்றுக்குப் பெயரடை என்று தனி வகையே வைக்கிறார்கள். 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ‘பெ.அ.’ என்று போடுவது இந்த வகைக்குத்தான். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் அட்ஜெக்டிவ் வேலையைப் பெரும்பாலும் பெயர்களும் பெயரெச்சங்களுமே செய்கின்றன என்ற பார்வையைத்தான் முன்வைத்தார். ஆக, சண்டை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல.

செங்கல், கருவிழி, பேரூர், வெந்நீர், பழஞ்சோறு என்று ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது. இவற்றில் செம், கரு, பேர், வெம், பழ என்ற முன்பகுதிகள் பெயரா, பெயரடையா? நன்னூல் வழியில் செங்கல் என்பது செம்மை + கல். செம்மை என்ற பண்புப்பெயர் ‘மை’யை இழந்து, மகரம் ஙகரமாகித் திரிந்து நிற்கிறது. விரித்தால் செம்மையாகிய கல். கவனித்தீர்களா, அந்த ‘ஆகிய’ வேறு யாருமில்லை, நமது ‘ஆன’வின் அண்ணன்தான். இதை எதிர்த்திசையில் பார்ப்பவர்களும் உண்டு: செம், கரு என்பவையே வேர்கள், அவற்றோடு ‘மை’ சேர்ந்துதான் செம்மை, கருமை என்ற பெயர்கள் பிறந்தன என்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது பார்வைதான் இயல்பாகப் படுகிறது. ‘மை’ எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி வந்து ஒட்டுவதைப் பார்த்தால், அது பின்னால் சேர்ந்தது என்றுதான் தோன்றுகிறது. எப்படியானாலும் தேர்வில் ‘பண்புத்தொகை’ என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. பழைய சோறு என்று எழுதினால் குறிப்புப் பெயரெச்சம், பழஞ்சோறு என்று எழுதினால் பண்புத்தொகை. பானையில் இருப்பது ஒன்றேதான்.

வினையிலிருந்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவந்த கண், பழுத்த மாம்பழம், உயர்ந்த மலை. இவை தெரிநிலைப் பெயரெச்சங்கள். காலத்தை மாற்றிப் பாருங்கள்: சிவந்த, சிவக்கிற, சிவக்கும். மாறினால் வினை. ‘சிறந்த பாடகர்’ என்பதைச் ‘சிறக்கிற பாடகர்’ என்று மாற்றினால் வாய் ஒப்புவதில்லை. பிறப்பால் வினையாக இருந்தாலும் ‘சிறந்த’ இப்போது பெயரடைத் தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

எந்தப் பெட்டியிலும் முழுதாக அடங்காத சொற்கள் சில இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு வந்து ‘இது என்ன?’ என்று கேட்டால் நேர்மையான பதில் ‘இரண்டுங்கெட்டான்’ என்பதுதான். ‘தனி’யை எடுங்கள். தனியான அறை, தனியாக வந்தான் என்று பெயரைப் போல நடக்கிறது. ஆனால் ‘தனியை’ என்று வராது. ‘வேறு’ அதே மாதிரி. ‘அது வேறு, இது வேறு’ என்று வாக்கியத்தை முடிக்கிறது, ‘வேறான’ என்றும் வருகிறது, ஆனால் வேற்றுமை ஏற்பதில்லை. ‘புது’ இன்னும் வேடிக்கை. புதுவை என்று சொன்னால் அது ஊர்ப் பெயராகிவிடும். ‘புதுவான’ கிடையாது. எனவே பெயரடைதான். ஆனால் புதுச்சேரி, புதுக்கோட்டை, புதுப்பெண் என்று ஒற்று மிகுந்து நிற்கிறது, பண்புத்தொகையின் பழைய வாசனை போகவில்லை. ‘வெறும்’ என்ற சொல்லோ எந்த உருபையும் ஏற்காத, தனியாக நிற்கவே நிற்காத சுத்தமான பெயரடை.

இன்னொரு பக்கம், பண்புப்பெயர் பொருளுக்கே பெயராகிவிடுவதும் உண்டு. ‘வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள்’ என்றால் அடித்தது நிறத்தை அல்ல, சுண்ணாம்பை. பண்பாகுபெயர் என்று உங்கள் மகள் படித்திருப்பாள். இனிப்பு என்ற சுவையின் பெயர் லட்டுக்கும் ஜிலேபிக்கும் பெயராகிவிட்டது, ‘இனிப்பு வாங்கி வந்தேன்’ என்கிறோம். பெயரடையாக இருக்கும் ‘இனிய’வுக்கு இந்த யோகம் கிடையாது. ‘இனிய வாங்கி வந்தேன்’ என்று யாரும் சொல்லமாட்டோம்.

பரீட்சையில் என்ன எழுதுவது என்பதுதான் இப்போதைக்கு உங்கள் அவசரம். ‘இலக்கணக் குறிப்புத் தருக’ என்று கேட்டால் மரபுச் சொற்களையே எழுதட்டும்: சிவப்பு பண்புப்பெயர், நல்ல குறிப்புப் பெயரெச்சம், சிவந்த பெயரெச்சம், செங்கல் பண்புத்தொகை. ‘பெயரடையைத் தேர்ந்தெடு’ என்று கேள்வி வந்தால் நல்ல, பெரிய, புதிய, அழகான போன்றவற்றைத் தேடட்டும். கேள்வி எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியில் பதில்.

அவளிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள்: ‘தாத்தாவின் பழைய சிவப்புச் சட்டை இன்னும் அழகு.’ இதில் ‘பழைய’ எந்த உருபையும் ஏற்காது, ‘பழையது’ ஆகும், அடுத்து ‘சிவப்பு’ வந்தும் ஒற்று மிகவில்லை, பெயரடை. ‘சிவப்பு’ ஐ ஏற்கும், ஆன ஏற்கும், சட்டைக்கு முன்னால் ‘ச்’ கொண்டுவருகிறது. சட்டையை வருணிக்கும் பெயர். ‘அழகு’ யாருக்கும் முன்னால் நிற்காமல் வாக்கியத்தையே முடித்துவைக்கிறது, அதுவும் பெயர். மூன்றும் அதே சட்டையைத்தான் வருணிக்கின்றன. ஆசிரியர் அடித்ததற்கு அவள் முகம் சுருங்கியிருந்தால், அந்தப் ‘பழைய’வை அவளே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள்.